தங்கவயல் வழியே வந்த சாமி

பங்காரப்பேட்டையில் பிரதானப் பாதையிலிருந்து பிரியும் கிளை ரயில் பத்து மைல் ஓடி மாரிகுப்பத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. சயனைடு மண் குவிந்து குவிந்து உண்டான சாம்பல் நிற மேடுகள்தான் கண்ணில் படும். 1894ல் இந்தப் பாதையைப் போட்டபோது சுரங்கக் கம்பெனிகளின் மனதில் பயணிகள் பெரிதாக இருந்திருக்க மாட்டார்கள். எந்திரமும் நிலக்கரியும் மரமும் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஊரை உண்டாக்கியது இந்தப் பாதையில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய ஜனங்கள். ஆரணி, வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் என்று வடஆற்காடு மாவட்டமே ஒரு பகுதி இங்கே பெயர்ந்து வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து கிளம்பியவர்கள்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பமும் அப்படி வந்தது. அந்தக் குடும்பத்துப் பையன் முனுசாமி. பிறந்தது 1890 ஜனவரி 27. தந்தை அண்ணாமலை, தாய் அலமேலு. இந்தப் பையன்தான் பிற்காலத்தில் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கி, அந்தப் பள்ளிக்கூடத்தின் வழியாகவே சென்னைச் சட்டசபைக்குப் போய், இடையில் சில வருஷங்கள் தவிர, கண் மூடும் வரை அங்கே உட்கார்ந்திருந்த சுவாமி சகஜானந்தர். சிதம்பரம் வட்டாரத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தங்கவயலில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அவர் திசை திரும்பியது என்னவோ தங்கவயலில்தான்.

திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்தான் முனுசாமி. அந்தக் காலத்தில் சேரிப் பையன் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைப்பது அரிது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திண்ணையில்கூட இடம் கிடைக்காத காலம். ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதே 1894ல்தான். செங்கல்பட்டு ஜில்லாவில் பறையர்கள் படும் பாட்டைப் பற்றி கலெக்டர் டிரெமென்கீர் அறிக்கை எழுதி, அரசாங்கம் லேசாக அசைந்து கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. சேரிப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் மிஷன் பள்ளிக் கதவு ஒன்றுதான்.

பையன் கெட்டிக்காரன். பைபிள் பாடத்தில் நல்ல மார்க். பாதிரிமார்கள் அவனுக்கு சிகாமணி என்று பெயர் வைத்தார்கள் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வார்கள். அடுத்து ஞானஸ்நானம். அதற்கு அவன் சம்மதிக்கவில்லை. படிப்பு அங்கேயே நின்றது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மதம் மாறியவர்களைக் குறை சொல்வது இன்று பலருக்குச் சுலபமாக இருக்கிறது. மாறாதவன் கொடுத்த விலை என்ன என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மாறியிருந்தால் முனுசாமி மெட்ரிகுலேஷன் முடித்து, மிஷனிலேயே வாத்தியாராகவோ போதகராகவோ ஆகியிருக்கலாம். சைவம் அவனைத் தன் கோயிலுக்குள் விடவில்லை. அந்தச் சைவத்துக்காக அவன் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறினான். இதைப் பிடிவாதம் என்பதா, பக்தி என்பதா, பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்காத வீம்பு என்பதா? பின்னாளில் அவர் செய்ததையெல்லாம் பார்த்தால் மூன்றும் கலந்துதான் இருந்திருக்கும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு கோலார் தங்கவயல்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் இங்கே கால் வைத்து, சில வருஷங்களிலேயே தங்கம் கொழிக்கத் தொடங்கிவிட்டது. 1902ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது சுரங்க வாய்களில் மின்விளக்கு எரிந்தது. உள்ளே இறங்குகிறவனுக்கு அதனால் பெரிய சுகம் எதுவும் இல்லை. சங்கு ஊதினால் ஷிப்ட். கூண்டில் ஏறி இறங்க வேண்டும். கீழே போகப் போக பாறையே கொதிக்கும். எப்போது பாறை வெடித்துச் சரியும் என்று யாருக்கும் தெரியாது. மேலே வந்தால் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடு. கல் தூசி நெஞ்சில் படிந்து, இருமி இருமியே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் கிராமத்திலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காரணம் எளிது. ஊரில் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக வரும். அதையும் அளப்பவர் மனம் வைத்து அளக்க வேண்டும். இங்கே கூலி காசாக வந்தது. காசை எண்ணிக் கொடுத்தவன் வெள்ளைக்காரனோ, கங்காணியோ, கான்டிராக்டரோ யாராக இருந்தாலும், அவன் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதைத் தடுக்கவில்லை. சேரியிலிருந்து வந்தவன் கையில் முதன்முதலாகக் கொஞ்சம் சில்லறை புரண்டது. அந்தச் சில்லறையை அவர்கள் சாராயக் கடையில் மட்டும் கொண்டு போய்க் கொட்டவில்லை. பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள். சங்கம் வைத்தார்கள். பஜனை மடம் கட்டினார்கள். மாதா கோயிலுக்கு மணி வாங்கினார்கள்.

மாரிகுப்பத்துக்கு இதில் தனிப் பெருமை உண்டு. சென்னை ராயப்பேட்டையில் பண்டிதர் அயோத்திதாசர் 1898ல் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய 'தமிழன்' வாரப் பத்திரிகைக்கு உயிர்கொடுத்தவர்களில் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். மாரிகுப்பம் எம்.ஒய். முருகேசரைப் போன்றவர்கள் சங்கத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். 1914ல் அயோத்திதாசர் மறைந்தார். 1926ல் அதே 'தமிழன்' பெயரில் பத்திரிகையை மறுபடியும் உயிர்ப்பித்தது தங்கவயலில் இருந்த பண்டிதர் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் நூல்கள் மறுபதிப்பு கண்டது தங்கவயல் சித்தார்த்தா அச்சகத்தில்தான். பூமிக்கு அடியில் பாறை உடைத்த கைகள் மேலே அச்சு கோத்தன.

இளைஞன் முனுசாமி தங்கவயலில் இருந்தது 1910க்கு முந்தைய வருஷங்களில். அவனுக்கு முன்னால் குறைந்தது மூன்று வழிகள் திறந்து கிடந்தன. ஒன்று, விட்டுவிட்டு வந்த கிறிஸ்தவம். இன்னொன்று, நாம் ஆதியில் பௌத்தர்கள், நம்மைத் தாழ்த்தியவர்களின் தெய்வங்களைக் கும்பிட வேண்டியதில்லை என்று சொன்ன பௌத்த சங்கம். மூன்றாவது, எந்தச் சாமியும் வேண்டாம், கூலியும் கூட்டமும்தான் கதி என்கிற வழி. அது அப்போது இன்னும் முழுதாக உருவாகவில்லை. முனுசாமி இந்த மூன்றில் எதிலும் போகவில்லை. நீலமேக சுவாமி என்ற சந்நியாசியிடம் போய்ச் சேர்ந்தான். வேதாந்தம் படித்தான். தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியாகவோ மேஸ்திரியாகவோ முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை காவிக்குத் திரும்பியது இங்கேதான்.

அங்கிருந்து சென்னை. வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் மடம். கையையே பிட்சைப் பாத்திரமாகக் கொண்டவர் என்பதால் அந்தப் பெயர். வேதாந்தப் பாடம் சொல்வதில் பெரிய பெயர் பெற்றவர். அவரிடம் சிஷ்யனாகச் சேர்ந்த முனுசாமிக்குக் கிடைத்த பெயர் சகஜானந்தர். குருவின் சொல்படி 1910ல் சிதம்பரம் வந்தார். வயது இருபது.

சிதம்பரம் ஏன்? நந்தனுக்காக.

திருநாளைப்போவார் கதை தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஆதனூர்ச் சேரியில் பிறந்து, சிதம்பரம் பார்க்க ஏங்கி, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். கடைசியில் தீயில் மூழ்கி, முனிவர் கோலத்தோடு எழுந்து, கோயிலுக்குள் போய் மறைந்தார் என்கிறது பெரிய புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகப் பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். நந்தனைச் சிதம்பரம் போகவிடாமல் வயல் வேலை வாங்கும் வேதியர். பக்தி மட்டுமே இருந்த கதையில் பண்ணையும் கூலியும் நுழைந்தது அப்போதுதான்.

மாரிகுப்பம் பௌத்தர்கள் கையில் இருந்த நந்தன் வேறு ஆள். அயோத்திதாசர் எழுதிய வரலாற்றில் நந்தன் பண்ணையாள் கிடையாது, அரசன். பௌத்த அரசன். வந்தேறிகளின் வஞ்சனையால் வீழ்த்தப்பட்டவன். அவனைச் சிவன் கோயில் வாசலில் கைகட்டி நிற்கும் அடிமையாக்கிக் கதை கட்டியது பின்னால் வந்தவர்களின் தந்திரம் என்பது அவர் வாதம். சரித்திர ஆசிரியர்கள் இதை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்து, லைன் வீட்டுத் திண்ணையில் விளக்கு வைத்து இதை வாசித்துக் கேட்டவனின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

ஆக ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே ஜனங்களிடம், இரண்டு நந்தன்கள். சகஜானந்தர் தங்கவயலில் இருந்தவர். அரசன் நந்தனைப் பற்றி அவர் காதில் விழாமல் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அவர் எடுத்துக்கொண்டது சேரி நந்தனை, வாசலில் நின்ற நந்தனை. அவன் பெயரால் மடம் வைத்தார். 1916ல் அவன் பெயரால் பள்ளிக்கூடம் திறந்தார். இருபத்தைந்து பிள்ளைகள்.

தீயில் இறங்கினால்தான் உள்ளே விடுவேன் என்று சொன்ன ஊரில் தீயில் இறங்கியவன் பெயரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைப்பது சாமர்த்தியமான காரியம். அந்தப் பெயரை யாராலும் எதிர்க்க முடியாது. அறுபத்து மூவரில் ஒருவர், கோயில் பிராகாரங்களில் சிலையாக நிற்பவர். கதாகாலட்சேபத்தில் நந்தன் சரித்திரம் கேட்டுக் கண்ணீர் விடுகிற பெரிய மனிதர், அதே நந்தன் பெயரில் சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வாசலில் வந்து நிற்கிறவரை எப்படித் துரத்துவார்? 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நாடே வாய் பிளந்தது. நந்தன் கதைக்குக் காசு கொட்டத் தயாராக இருந்த சமூகம் அது. நந்தன் பிள்ளைகளுக்கு என்பது தனிக் கணக்கு.

பள்ளி என்றால் பெஞ்சும் கரும்பலகையும் மட்டும் போதாது. வெளியூர்ச் சேரிகளிலிருந்து வரும் பிள்ளை எங்கே தங்குவான்? சிதம்பரத்தில் எந்தத் தெருவில் அவனுக்கு வீடு கிடைக்கும்? எந்தக் கிளப்பில் சோறு போடுவார்கள்? எந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்துவான்? ஆகவே விடுதி வேண்டும். விடுதிக்கு இடம் வேண்டும், கிணறு வேண்டும், அரிசி வேண்டும். திண்டிவனத்தில் விடுதிச் சோற்றுக்கு விலையாக மதம் கேட்கப்பட்ட அனுபவம் உள்ளவர், தன் விடுதியில் சோறு போட வழி தேடினார். ஓமக்குளம் பகுதியில் நிலம் சேர்ந்தது; கட்டடங்கள் எழும்பின.

அரசியல் அவர் தேடிப் போனதா, தேடி வந்ததா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நிலம் யார் கையில்? ரெவின்யூ இலாகா. ஆதிதிராவிடர் பள்ளிகளுக்கும் உதவித்தொகைக்கும் மனைப் பட்டாவுக்கும் பொறுப்பு யார்? 1920ஐ ஒட்டி ஏற்பட்ட லேபர் கமிஷனர் அலுவலகம். மானியம் யார் கையில்? சட்டசபை. பள்ளி நடத்துகிறவன் இந்த மூன்று வாசலிலும் நிற்காமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. வெளியே நின்று மனுக் கொடுப்பதைவிட உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்பது மேல்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டசபைக்குப் போனவர் அவர் மட்டும் அல்ல. சென்னையில் எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடப் புத்தகங்கள் எழுதியவர். 1920ல் மாகாணச் சட்டசபைக்குள் தாழ்த்தப்பட்டோர் சார்பில் நுழைந்தார். ஒடுக்கப்பட்ட ஜனங்களிடையே அரசியல் பேசப் படிப்பு வேண்டும். படித்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை பெரும்பாலும் வாத்தியார் வேலை. ஆகவே முதல் தலைமுறைத் தலைவர்களில் வாத்தியார்கள் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ராஜா பள்ளியை விட்டு அரசியலுக்குப் போனார். டில்லி வரை போனார். சகஜானந்தர் பள்ளியை விடவே இல்லை.

1926ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். அதே 1926ல்தான் தங்கவயலில் 'தமிழன்' மறுபடி வரத் தொடங்கியது. நியமனம் என்றால் கவர்னர் பார்த்துக் கொடுப்பது. சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில் சேரிக்காரர் தேர்தலில் ஜெயித்து வருவது நடக்காத காரியம் என்பதால் வைத்த ஏற்பாடு. சுப்பராயன் முதல் மந்திரியாக இருந்த சபை அது. அதே வழியில் நியமனம் பெற்று வந்து, தேவதாசி முறைக்கு எதிராக மல்லுக்கட்டிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருந்த சபை. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924ல் தீர்மானம் கொண்டு வந்த இரட்டைமலை சீனிவாசன் இருந்த சபை. சூட்டும் கோட்டும் ஜரிகை அங்கவஸ்திரமும் நிறைந்த அந்த இடத்தில் காவி கட்டிய ஒரு சேரிக்காரர். 1932 வரை இருந்தார். 1936ல் மறுபடி சட்டமன்ற வாழ்க்கை தொடங்கி, அது அவர் மறையும் வரை நீடித்தது.

காந்தி 1927 செப்டம்பரில் சிதம்பரம் வந்தார். நந்தனார் மடத்தில் கோயில் கட்ட அடிக்கல் நட்டார். தன்னை வருத்திக்கொண்டு தடைகளை உடைத்தவன் நந்தன் என்று அவர் பேச்சில் நந்தனுக்குத் தனி இடம் இருந்தது. சத்தியாக்கிரகத்துக்கு நந்தனைவிடப் பொருத்தமான தமிழ் உதாரணம் அவருக்குக் கிடைத்திருக்காது. 1934ல் ஹரிஜன யாத்திரையில் மறுபடி வந்தார். சகஜானந்தர் பிற்பாடு காங்கிரஸ்காரராக நின்றதற்கு இந்த உறவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மறைத்து அவரைப் பற்றி எழுதுவதில் பயனில்லை. நடராஜர் கோயிலுக்குள் போக முடியாதவர்களுக்குத் தனியாக ஒரு கோயில் கட்டுவது சரியா? அது வாசலில் நிற்பதை நிரந்தரமாக்குவது ஆகாதா? தங்கவயல் பௌத்தர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. அம்பேத்கர் வழி வந்தவர்கள் பின்னால் இன்னும் கடுமையாகவே கேட்டார்கள். வருத்திக்கொள்ள வேண்டியவன் நந்தனா, அவனை வெளியே நிறுத்தியவனா என்பது அதில் அடங்கிய கேள்வி. சென்னைச் சட்டசபையில் 1938ல் எம்.சி. ராஜா ஆலயப் பிரவேச மசோதா கொண்டு வந்தபோது, அதை நிறைவேற்ற ராஜாஜி அரசாங்கம் முன்வரவில்லை. அடுத்த வருஷம் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்திய பிறகுதான் சட்டம் அவசரமாக வந்தது. எல்லாக் கோயில்களுக்குமான சட்டம் 1947ல். சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்து முப்பத்தேழு வருஷம் கழித்துத்தான், எந்தச் சாமிக்காகத் திண்டிவனம் பள்ளியை விட்டாரோ அந்தச் சாமி சன்னதியில் நுழையச் சகஜானந்தருக்குச் சட்டப்படி உரிமை கிடைத்தது.

அந்த முப்பத்தேழு வருஷமும் அவர் வாசலில் வெறுமனே நிற்கவில்லை என்பதுதான் அவர் தரப்பு. கோயில் திறக்கும்போது திறக்கட்டும், பள்ளிக்கூடத்தை இன்றைக்கே திறப்போம் என்று இருந்தார். தென்னாற்காடு மாவட்டத்துச் சேரிகளிலிருந்து ஓமக்குளத்துக்கு வந்து, தங்கிப் படித்து, குமாஸ்தாவாகவும் வாத்தியாராகவும் போனவர்கள் அவர் கொடுத்த பதில். சிதம்பரத்திலேயே 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகத்தின் மதில் வரைக்கும் நடந்து போகவாவது ஒரு சேரிப் பையனுக்கு முதலில் எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் வேண்டும். அதைக் கொடுத்தது நந்தனார் பள்ளி. பெண்களுக்கும் தனிப் பள்ளி உண்டாயிற்று.

நியமனக் காலம் போய் ஓட்டுக் காலம் வந்தது. பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணச் சட்டசபையில் தாழ்த்தப்பட்டோருக்கு 30 தனி இடங்கள். சுதந்திரத்துக்குப் பின் 1952ல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. அப்போது சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியில் இரண்டு பேர் தேர்வாவார்கள். அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டவருக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. அதாவது, தனி இடத்துக்கு நிற்பவரும் சேரி ஓட்டை மட்டும் நம்பி ஜெயிக்க முடியாது. ஊர்த் தெருவிலும் ஓட்டுக் கேட்க வேண்டும். சுவாமி சகஜானந்தரும் வாகீசம் பிள்ளையும் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார்கள். 1957லும் அதே இருவர். இருபது வயதில் யாரும் அறியாத சந்நியாசியாக வந்து இறங்கிய ஊரில், அறுபதைத் தாண்டிய வயதில் நாலு தெரு ஜனங்களின் ஓட்டும் வாங்கினார். தனித் தொகுதி அரசியலில் ஊர்க்காரர் தயவு தேவைப்படுவதால் வாய் அடங்கிப் போகும் என்பது அன்றும் இன்றும் உள்ள குற்றச்சாட்டு. அதில் உண்மை நிறைய உண்டு. சகஜானந்தரிடம் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்கிறவர்கள், அவர் பேசியதோடு, கட்டியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவர் விட்டு வந்த தங்கவயல் இதற்குள் வேறு திசையில் வெகு தூரம் போயிருந்தது. 1930ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முயன்றபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு சுரங்கம் முழுதும் வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர் என்று சொல்லிக்கொள்ள அப்போது பெரிய சங்கம்கூட இல்லை. கம்பெனிதான் இறங்கி வந்தது. 1940களில் செங்கொடி வந்தது. 1946 நவம்பர் 4ம் தேதி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். 1952 தேர்தலில் தங்கவயலும் இரட்டை உறுப்பினர் தொகுதிதான். அங்கிருந்து மைசூர் சட்டசபைக்குப் போனவர்களில் ஒருவர் கம்யூனிஸ்டு, இன்னொருவர் அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன்காரர். 1954ல் அம்பேத்கரே தங்கவயல் வந்தார். ஆக, 1952ல் ஆரணிப் பக்கத்து ஜனங்கள் சிதம்பரத்தில் காவியையும் காங்கிரசையும், மாரிகுப்பத்தில் சிவப்பையும் நீலத்தையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்று சொன்னால் அதிகம் மிகை இருக்காது. முனுசாமி சுரங்கத்திலேயே தங்கியிருந்தால் எந்தக் கொடி பிடித்திருப்பார் என்று யோசிப்பது வீண் வேலை. ஆனாலும் யோசிக்கத் தோன்றுகிறது.

இரண்டு ஊர்களிலும் மிஞ்சியது என்ன என்று பார்ப்பது அப்படி வீண் வேலை இல்லை. தங்கவயல் சுரங்கங்கள் 1956ல் அரசுடைமையாகி, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத் துறை நிறுவனமாகி, 2001 பிப்ரவரி கடைசி நாளோடு மூடப்பட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிருந்தது. 120 வருஷத்தில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன் என்று சொல்வார்கள். தங்கம் போன இடம் தெரியும். அதைத் தோண்டியவர்களுக்கு லைன் வீட்டின் பட்டாவைக்கூடப் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது. கொடிகளும் சங்கங்களும் அந்த ஜனங்களுக்குத் தலை நிமிரக் கற்றுக் கொடுத்தன. ஆனால் சுரங்கம் மூடிய அன்று அவர்களைக் காப்பாற்றியது என்னவென்றால், பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தார்கள் என்பதுதான். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேலை செய்தவர்களின் மகனும் மகளும் பெங்களூரில் ஆபீஸ், பாக்டரி, ஆஸ்பத்திரி என்று பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. படிப்பு நின்றுபோன வீடுகளும் ஏராளம்.

சிதம்பரத்தில் நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. ஆதிதிராவிடர் நலத் துறையின் பொறுப்பு. நலத் துறைப் பள்ளிகளுக்கு உரிய எல்லாக் குறைகளையும் பற்றிச் சிதம்பரத்துக்காரர்களிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார்கள். சேரிப் பள்ளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, வசதி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்புவதும் உண்டு. அதே பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள்கூட அதில் அடக்கம். சகஜானந்தர் இருந்திருந்தால் இதற்காகவும் யாரோ ஒரு மந்திரியின் வாசலில் போய் நின்றிருப்பார்.

1959 மே 1ம் தேதி அவர் காலமானார். வயது 69. அப்போதும் சட்டமன்ற உறுப்பினர்தான். மே முதல் தேதி என்பதால் கோடை விடுமுறை. வகுப்பறைகள் காலியாக இருந்திருக்கும். தங்கவயலில் அன்றைக்கு மே தினம்.

மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்பே ஸ்டேஷன் விழித்துக்கொள்கிறது. டிபன் பாக்சும் ஆபீஸ் பையுமாக வந்து ஏறுகிறார்கள். ஆரணியிலிருந்து வேலை தேடி இங்கே வந்து இறங்க இப்போது யாருக்கும் காரணம் இல்லை. எல்லாக் கூட்டமும் எதிர்த் திசையில் போகிறது, பெங்களூருக்கு. பங்காரப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் உட்கார இடம் கிடைக்காது.